எல்லையோரப் படிப்பகத்துக்கு எந்தப் பாடநூல்களை வாங்குவது? எல்.பி. (தொடக்கப் பள்ளி) முதல் பிளஸ் டூ வரை ஆலோசனை தேவை

கேட்டவர்: படிப்பகப் பொறுப்பாளர், கொழிஞ்சாம்பாறை அருகில்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில், மூன்று ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்தி வருகிறேன். இப்போது 34 பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் 19 பேர் கேரள அரசுப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியிலும், 7 பேர் அதே பாடத்திட்டத்தில் மலையாள வழியிலும், 4 பேர் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆங்கில வழியிலும் படிக்கிறார்கள். மீதி 4 பேர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள். அவர்களில் மூவர் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இப்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொண்டு திணறுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து நூல்கள் வாங்க 18,000 ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்களும் கொடுத்த பணம் என்பதால், ஒரு நூல்கூட அலமாரியில் சும்மா கிடக்கக்கூடாது என்று நினைக்கிறேன். பள்ளியில் தரும் பாடநூல் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு மேல் எதை வாங்குவது என்பதுதான் என் கேள்வி. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எளிதாகக் கிடைக்கும். மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்களும் வேண்டும் என்கிறார்கள் சிலர். கடைக்காரர்களோ கைடு வாங்கச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு நான் வாங்கிய கைடு ஒன்றில் கணக்குகளின் விடைகளே பல இடங்களில் தவறாக இருந்தன. பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்ததைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் கவனித்தேன். அந்தத் தவறு மறுபடி நேரக்கூடாது. எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு எந்த நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மூணாறு

தம்பிக்கு வணக்கம். நான் தேவிகுளம் தாலுகாவில் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள். உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். "எந்த வகுப்புக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். "எந்தப் பிள்ளைக்கு" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்க வேண்டிய பட்டியல் வேறாகிவிடும்.

எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எட்டாம் வகுப்புக் கணிதத்தில்தான் நிற்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நான்கில் மூன்றையும் மூன்றில் இரண்டையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, ஏழில் ஐந்து என்று எழுதுகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். ஏழில் ஐந்து என்பது நான்கில் மூன்றைவிடச் சிறியது. இரண்டைக் கூட்டிய பிறகு வந்த விடை, கூட்டியவற்றில் ஒன்றைவிடக் குறைவாக இருக்கிறதே என்ற ஐயம் அந்தப் பிள்ளைக்கு எழவில்லை என்றால், பின்னம் என்பது ஓர் அளவு என்பதே அதன் மனத்தில் பதியவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக்கான எத்தனை சிறந்த நூலை வாங்கிக் கொடுத்தாலும் பயன் இராது. காகிதத்தை மடித்தும் படம் வரைந்தும் பின்னத்தைக் காட்டுகிற நான்காம், ஐந்தாம் வகுப்பு நூல்தான் அதற்குரியது.

எனவே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன், ஒரு வாரத்தைப் பிள்ளைகளை அறிவதற்காகச் செலவிடுங்கள். ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி, தன் வகுப்பு அறிவியல் நூலில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, அதில் சொன்னதைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். படிக்கவே தடுமாறினால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. சரளமாகப் படித்தும் சொல்லத் தெரியவில்லை என்றால் சிக்கல் சொற்களிலோ கருத்திலோ இருக்கிறது. இவை இரண்டுக்கும் வாங்க வேண்டிய நூல்கள் வேறு வேறு. கணிதத்துக்கு, கழித்தல், வகுத்தல், பின்னம், குறையெண், எளிய சமன்பாடு என்று ஐந்தாறு கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே எந்தப் படியில் கால் இடறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். பதின்மூன்று வயதுப் பையனின் கையில் "நான்காம் வகுப்பு" என்று அட்டையில் அச்சிட்ட நூலைக் கொடுத்தால், அவன் அதை மற்றவர்கள் முன் திறக்கவே மாட்டான். என்னிடம் படித்த ஒருவன் அந்த நூலைத் தன் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனதைப் பார்த்த நாளில் எனக்கு உறைத்தது. மறுநாளே வகுப்பில் இருந்த எல்லா நூல்களுக்கும் காக்கித்தாள் அட்டை போட்டு, வகுப்பு எண்ணை எழுதாமல், படிக்கு ஒரு நிறமாக முதுகில் வண்ணக் காகிதம் ஒட்டினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்; செலவு மிகக் குறைவு.

இனி கணித நூல்களைப் பற்றி. கேரளக் கணிதப் பாடநூல், பிள்ளை தானே யோசித்து ஓர் உண்மையைக் கண்டடையும் வகையில் எழுதப்பட்டது. ஒரு படத்திலிருந்தோ எண் வரிசையிலிருந்தோ தொடங்கி, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு விதிக்கு அழைத்துச் செல்லும். எனக்கு அந்த முறையின்மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கண்டடைந்த பிறகு கை பழகுவதற்குப் போதுமான பயிற்சிக் கணக்குகள் அதில் குறைவு. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியும். தமிழ்நாட்டு நூலில் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் பயிற்சிகளும் ஏராளம்; கடைசியில் விடைகளும் உண்டு. ஆகவே கருத்துக்குக் கேரள நூல், பயிற்சிக்குத் தமிழ்நாட்டு நூல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

ஆனால் வகுப்புக்கு வகுப்பு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நம் பத்தாம் வகுப்பில் வட்டத்தின் வில்லும் கோணமும், வட்ட நாற்கரமும் வருகின்றன. அவற்றுக்கான பயிற்சியைத் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலில் தேடினால் கிடைக்காது; ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தோடு அணிகள் (மேட்ரிக்ஸ்) வருகின்றன. மட்டு எண்கணிதமும் உண்டு. இவை நம் எஸ்.எஸ்.எல்.சி.க்குத் தேவையில்லை. அணிகளை நம் பிள்ளைகள் பிளஸ் டூவில்தான் சந்திப்பார்கள். எனவே தமிழ்நாட்டின் ஒன்பது, பத்து ஆகிய இரண்டு வகுப்புக் கணித நூல்களையும் வாங்கி, எந்தப் பகுதி நம் எந்தப் பாடத்துக்கு உதவும் என்று ஒரு தாளில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நூலை மட்டும் கொடுத்தால், பிள்ளை தேவையில்லாத பாடத்தில் ஒரு மாதம் போராடும்.

கைடைப் பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். விடையைப் பார்த்து எழுதும் பழக்கத்தை அது வளர்க்கிறது என்பது என் கருத்து. ஒன்றுகூட வாங்க வேண்டாம்.

பதில்: மேல்நிலை இயற்பியல் ஆசிரியர், பொள்ளாச்சி

பிளஸ் ஒன் மாணவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் தனியாகப் படித்த பிள்ளைகளால் எனக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரியும்.

கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களே பாடநூல்கள். அந்த நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வருகின்றனவே தவிர, தமிழில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி என இரு வடிவிலும் உள்ளன. ஒரே நூல்தான் இரு மொழிகளில் இருக்கிறது. படமும் சமன்பாடும் கணக்கும் ஒன்றே. உங்கள் மூன்று பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரட்டையைத்தான். முதலில் தமிழில் கருத்தைப் புரிந்துகொள்ளட்டும்; பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் படித்து, திசைவேகம் என்று தான் அறிந்தது வெலாசிட்டி என்றும், திருப்பு விசை டார்க் என்றும், நிலைமத் திருப்புத்திறன் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்றும் அறிந்துகொள்ளட்டும். மூன்றாவதாகத்தான் என்.சி.இ.ஆர்.டி. நூலுக்குப் போக வேண்டும். மூன்று முறை படிப்பது காலவிரயம் என்று தோன்றலாம். ஆனால் ஆங்கில நூலை மட்டும் வைத்துக்கொண்டு அகராதியோடு போராடுகிற பிள்ளை, ஒரே பக்கத்தை எட்டு முறை படித்தும் சொற்களைத் தாண்டிப் போக முடியாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இயற்பியலில் இந்தப் பொருத்தம் மிக எளிது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்நாட்டு நூலில் 11 அலகுகள். பகுதிகள் சுருக்கப்பட்ட பிறகான என்.சி.இ.ஆர்.டி. நூலில் 14 பாடங்கள். வரிசை ஏறத்தாழ ஒன்றே. தமிழ்நாட்டு நூலின் இயக்கவியல் என்ற இரண்டாம் அலகு, மற்றதில் நேர்கோட்டு இயக்கம், தள இயக்கம் என்று இரண்டு பாடங்களாகப் பிரிந்திருக்கிறது. பருப்பொருளின் பண்புகள் என்ற ஏழாம் அலகு அங்கே திண்மங்களுக்கு ஒன்று, பாய்மங்களுக்கு ஒன்று என்று இரண்டாக வருகிறது. வெப்பமும் வெப்ப இயக்கவியலும் அப்படியே. ஈர்ப்பியல், அலைவுகள், அலைகள் ஆகியவை ஒன்றுக்கு ஒன்று நேராகப் பொருந்தும்.

வேதியியலில் பிள்ளைகள் முதல் பாடத்திலேயே இடறுவது மோல் என்ற கருத்தில். 6.022 × 10²³ என்ற எண்ணை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது ஓர் எண்ணிக்கை, ஒரு டசன் என்பதைப் போன்றது என்பது புரிவதில்லை. இதற்குப் பதினொன்றாம் வகுப்பு நூலைவிட, தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியலில் உள்ள "அணுக்களும் மூலக்கூறுகளும்" என்ற பாடம் நல்ல தொடக்கம்.

உயிரியல்தான் சற்றுக் கடினம். என்.சி.இ.ஆர்.டி.யில் அது ஒரே நூல். தமிழ்நாட்டில் தாவரவியல், விலங்கியல் என்று பிரிந்து, பாட வரிசையும் மாறியிருக்கும். மேலும், அந்தப் பிள்ளைகளில் எவரேனும் நீட் தேர்வு எழுத எண்ணினால், அதன் 180 வினாக்களில் 90 உயிரியலிலிருந்து வருகின்றன, அதற்கு என்.சி.இ.ஆர்.டி. நூலை ஒரு வரி விடாமல் படித்தே ஆக வேண்டும். ஆகவே உயிரியலுக்குத் தமிழ் நூலைப் பார்வை நூலாக மட்டும் வைத்து, ஆங்கில நூலில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் நால்வருக்கும் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. என்.சி.இ.ஆர்.டி.யே வெளியிடும் எக்ஸெம்ப்ளர் கணக்குத் தொகுப்புகளில் அவர்கள் வகுப்புக்குரியவற்றை அதன் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

பதில்: பள்ளி ஆசிரியர், நகரி, ஆந்திரப் பிரதேசம்

மேலே உள்ள இரு பதில்களும் பயனுள்ளவை. ஆயினும் அவை இரண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

எங்கள் நகரியில் விசைத்தறி வீடுகளில் பேச்சு முழுவதும் தமிழ். ஆனால் தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் காதுக்கும் நாவுக்கும் உரிய மொழியாக மட்டும் இருக்கிறது, எழுத்து தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் திருத்தணிக்குச் சென்று, தமிழ்நாட்டின் ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான தமிழ் வழி அறிவியல் நூல்களை ஆசையோடு வாங்கி வந்தேன். பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். வீட்டுமொழி தமிழ் என்பதால் தமிழ் நூல் உதவும் என்று நானாக முடிவு செய்தது என் பிழை. உங்கள் மலையாள வழிப் பிள்ளைகள் ஏழு பேரிடம் இதை முதலில் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நூல்கள் பிறகு வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆந்திர அரசு 2020-21 கல்வியாண்டிலிருந்து, ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக அமைந்த இருமொழிப் பாடநூல்களை வழங்கத் தொடங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தோன்றியது. அறிவியல் பாடம் தொடங்கும் முன், தமிழ் நூலிலிருந்து அதே பாடத்தை நான் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். பிள்ளைகள் கேட்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். அதன் பிறகு தங்கள் நூலைத் திறக்கிறார்கள். இலை வெயிலைக் கொண்டு உணவு செய்கிற கதை காதில் ஏறிய பிறகு, அதற்குத் தமிழில் ஒளிச்சேர்க்கை என்று பெயர், பள்ளி நூலில் கிரணஜன்ய சம்யோகக்ரிய என்று பெயர் என்றால் பிள்ளை அஞ்சுவதில்லை. உங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அது மலையாளத்தில் பிரகாச சம்சிலேஷணம் ஆக இருக்கும். எனவே எழுத்து தெரியாத பிள்ளைகளுக்காகத் தமிழ் நூல் வாங்கினால், ஒரே ஒரு படி வாங்குங்கள். அது உங்கள் கையில் இருக்கட்டும்.

கேட்டவர்: படிப்பகப் பொறுப்பாளர், கொழிஞ்சாம்பாறை அருகில்

டீச்சர் அவர்களுக்கும் பொள்ளாச்சி, நகரி ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நகரி ஆசிரியர் எழுதியதைப் படித்த அன்று மாலையே ஏழு பிள்ளைகளையும் தமிழ் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். இருவர் மட்டுமே படித்தார்கள். மூன்று ஆண்டுகளாக என் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி இது எனக்குத் தெரியாமல் இருந்தது வருத்தமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சமூக அறிவியலுக்கும் தமிழ்நாட்டு நூல்களை வாங்கலாமா? மேலும், கோயம்புத்தூரில் வசிக்கும் உறவினர் ஒருவர் இரண்டு மூட்டை பழைய பாடநூல்களை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஊர் நூலகப் பொறுப்பாளர், மறையூர்

சமூக அறிவியலுக்கு வாங்க வேண்டாம். கணிதமும் அறிவியலும் எல்லை தாண்டினாலும் மாறுவதில்லை; சமூக அறிவியல் மாறும். நிலம், ஆறு, உள்ளாட்சி, விடுதலைப் போராட்டம் என ஒவ்வொன்றையும் அந்தந்த மாநிலம் தன் மண்ணிலிருந்து தொடங்கிச் சொல்கிறது. தேர்வில் கேட்பதும் அதையே. பள்ளி நூலோடு ஒரு நல்ல நிலப்பட நூல் போதும். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கலைப் பிரிவில் (ஹியூமானிட்டீஸ்) எவரேனும் சேர்ந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: என்.சி.இ.ஆர்.டி. நீக்கிய சில பகுதிகளுக்காகக் கேரள அரசு 2023-இல் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகியவற்றில் கூடுதல் பாடநூல்களை வெளியிட்டது. கடையில் வாங்கும் என்.சி.இ.ஆர்.டி. நூலில் அவை இருக்காது.

பழைய நூல்களைப் பொறுத்தவரை, மூட்டையைப் பிரித்ததும் அட்டையைப் பார்க்காமல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். கேரளத்தில் 1, 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளுக்கு 2024-25-இலும், 2, 4, 6, 8, 10 ஆகிய வகுப்புகளுக்கு 2025-26-இலும் புதிய நூல்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு முந்தையவை பாடத்தோடு ஒத்துப்போகாது. தமிழ்நாட்டில் இப்போதைய நூல்கள் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்தவை; அவற்றுக்கு முந்தையவை கலந்திருந்தால் பிரித்து வையுங்கள். கீழ் வகுப்பு நூல்கள் முப்பருவமாக வருபவை என்பதால், மூன்றில் ஒன்று மட்டும் மூட்டையில் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் பழையது என்பதற்காக எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிமங்களின் வகைப்பாடு குறித்த பாடம் பின்னர் நீக்கப்பட்டது. பழைய பதிப்பில் அது முழுமையாக இருக்கிறது. பிளஸ் ஒன் வேதியியலுக்குப் போகிற பிள்ளை அதைப் படித்திருப்பது நல்லது. பழைய கணித நூல்களையும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்; வகுத்தலுக்கும் பின்னத்துக்கும் பதிப்பு ஆண்டு கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதும் ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. மூணாறு டீச்சர் சொன்னபடி சோதித்துப் பார்த்தால், படிக்கவே தடுமாறுகிற பிள்ளைகள் உங்களிடம் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். அவர்களுக்குப் பாடநூல் எதுவும் இப்போதைக்கு உதவாது. அவர்களுக்குத் தேவை கதை நூல். நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழிகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. அங்கே கதைகளை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படிக் கதைகள் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும்; இரண்டாம் படி 600 வரை; மூன்றாம் படி 1500 வரை; அதற்கு மேல் நான்காம் படி. ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு எதிரெதிராகத் தைத்துக் கொடுத்தால், தமிழ் எழுத்து தெரியாத உங்கள் ஐந்து பிள்ளைகளுக்கு அதுவே முதல் தமிழ்நூலாக அமையும்.

உங்கள் ஊரில் கேரள மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்த கிரந்தசாலை இருந்தால், அதன் செயலாளரைப் பாருங்கள். அத்தகைய நூலகங்களுக்கு ஆண்டுதோறும் நூல் வாங்க மானியம் வருகிறது. எங்கள் நூலகத்தில் அந்தப் பட்டியலில் தமிழ்ச் சிறுவர் நூல்களைச் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவை வரத் தொடங்கின.

கேட்டவர்: படிப்பகப் பொறுப்பாளர், கொழிஞ்சாம்பாறை அருகில்

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைத்துப் பார்த்துவிட்டேன். தன் வகுப்பு நூலைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொன்னவர்கள் 13 பேர். எழுத்திலேயே தடுமாறியவர்கள் 11 பேர். மறையூர் ஐயாவின் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது.

தமிழ்நாட்டுக் கணித நூல்களில் நான்கு, ஐந்து, ஆறு வகுப்புகளுக்கு இரண்டிரண்டு படிகளும், ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு மும்மூன்று படிகளும், பத்தாம் வகுப்பு அறிவியல் ஒன்றும், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், வேதியியல் நூல்கள் இரு மொழிகளிலும் பொள்ளாச்சியில் வாங்கிவிட்டேன். இலக்கணத்துக்காகத் தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புத் தமிழ் நூல் ஒன்றையும் சேர்த்தேன். கதைகளில் நாற்பதை அச்சிட்டுத் தைத்தாயிற்று. கைடு எதுவும் வாங்கவில்லை. 18,000 ரூபாயில் பாதிக்கு மேல் இன்னும் கையில் இருக்கிறது. எல்லா நூல்களுக்கும் காக்கித்தாள் அட்டையைப் பிள்ளைகளே சேர்ந்து போட்டார்கள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தமிழ் வழிப் பிள்ளைகள் சிலர் மலையாளம் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை. பின்னாளில் இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது தடையாகுமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு எந்த நூல்?

பதில்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மூணாறு

தம்பி, மலையாள வழிப் பள்ளியின் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மலையாளப் பாடநூல்களே போதும். அவை கேரளக் கல்வித் துறையின் சமக்ரா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பேச்சு தெரிந்த பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் வேண்டும். க, ச, த போன்ற ஒவ்வோர் எழுத்துக்கும் தமிழில் ஒன்று இருக்கும் இடத்தில் அங்கே நான்கு இருப்பதால், அந்த வரிசையைத்தான் மெதுவாகக் கடக்க வேண்டும். கூட்டெழுத்துகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம். ஓணத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை மறுபடி ஒருமுறை படிக்க வைத்துப் பாருங்கள். யார் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த நூல்களை வாங்குங்கள்.